கடையா, ஆன்லைனா? பொருளுக்குப் பொருள் முடிவெடுக்கும் முறை

ஆன்லைன் என்றால் மலிவு, கடை என்றால் நம்பிக்கை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டுமே எல்லா நேரமும் உண்மையாக இருப்பதில்லை. எங்கே வாங்குவது என்பதை விலையை மட்டும் வைத்து முடிவு செய்தால் அடிக்கடி தவறும். வந்த பொருள் சரியில்லை என்றால் அதை யார் திருப்பிச் சுமப்பது, யார் செலவில், எத்தனை நாளுக்குள் என்று முதலில் பார்த்தால் முடிவு பெரும்பாலும் சரியாக அமையும்.

அதற்கு இரண்டு கேள்விகள் போதும். முதல் கேள்வி: இந்தப் பொருளை எண்ணாலும் எழுத்தாலும் முழுமையாகச் சொல்லிவிட முடியுமா? பிரிண்டர் மை, புத்தகம், இத்தனை மீட்டர் கேபிள், மாடல் எண் தெரிந்த வாட்டர் ஃபில்டர் ஆகியவற்றுக்கு முடியும். மெத்தை, நாற்காலி, மூக்குக்கண்ணாடி ஃபிரேம், காலணி ஆகியவற்றுக்கு முடியாது. உடம்புதான் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்வி: தப்பாக வந்தால் திருப்பி அனுப்புவது எளிதா?

இரண்டுக்கும் 'ஆம்' என்றால் தயங்காமல் ஆன்லைனில் வாங்கலாம். இரண்டுக்கும் 'இல்லை' என்றால் கடைக்குத்தான் போக வேண்டும், ஆன்லைனில் எவ்வளவு தள்ளுபடி இருந்தாலும் சரி. எண்ணால் சொல்லிவிடலாம், ஆனால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு என்ற வகையில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வரும். இவற்றை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் பொருத்தித் தருவதும் பழுதானால் எடுத்துப் போவதும் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எண்ணால் சொல்ல முடியாது, ஆனால் எளிதாகத் திருப்பிவிடலாம் என்ற வகையில் உடைகள் வரும். அளவெடுக்கத் தெரிந்தால் ஆன்லைனில் வாங்குவதில் சிக்கல் இல்லை.

ஒரு விஷயத்தில் ஆன்லைனுக்கு நிகரில்லை. கடையின் அலமாரிக்கு எல்லை உண்டு; அடிக்கடி விற்காத பொருளை அங்கே அடுக்கி வைக்க முடியாது. உற்பத்தி நின்றுபோன மெஷினுக்கான ரப்பர் வளையம், இடதுகைக்காரர்களுக்கான கத்தரிக்கோல், மிகப் பெரிய அல்லது மிகச் சிறிய காலணி போன்றவற்றைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குவது வீண் அலைச்சல்.

விலையை முழுதாகக் கூட்டுங்கள்

திரையில் தெரியும் விலை முழு விலை அல்ல. பணம் செலுத்தும் பக்கம் வரை போய், அங்கே வரும் கடைசித் தொகையை எழுதிக்கொள்ளுங்கள். டெலிவரி கட்டணம், பேக்கிங் கட்டணம், தவணைக்கான செயலாக்கக் கட்டணம், நீங்கள் கேட்காமலே டிக் செய்யப்பட்டிருக்கும் கூடுதல் வாரண்டி எல்லாம் அங்கேதான் தலைகாட்டும். வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் சுங்க வரியையும் அதை வசூலிக்கக் கூரியர் எடுக்கும் கட்டணத்தையும் சேருங்கள். கடை விலையோடு போக்குவரத்துச் செலவு, வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி, பொருத்தும் கூலி ஆகியவற்றைக் கூட்டுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பலர் விட்டுவிடுவது ரிட்டர்ன் செலவை. பெரிய, ஆனால் எடை குறைந்த பொருள்களில் இது கடுமையாக இருக்கும். கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையையும் பெட்டியின் கன அளவிலிருந்து கணக்கிட்ட எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் போடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சில நிறுவனங்கள் 4000 அல்லது 6000-ஆல் வகுக்கும். 60 × 50 × 40 பெட்டியில் மூன்று கிலோ எடையுள்ள தலையணைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1,20,000, 5000-ஆல் வகுத்தால் 24 கிலோ. கையில் மூன்று கிலோவாகத் தூக்கும் பெட்டிக்குக் கட்டணம் 24 கிலோவுக்கு. ரிட்டர்ன் இலவசம் என்று எழுதியிருக்கிறதா, 'வாங்குபவர் பொறுப்பு' என்று எழுதியிருக்கிறதா என்பதை ஆர்டருக்கு முன்பே பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கோடு போட்டு அடித்த 'பழைய விலை'யை வைத்துத் தள்ளுபடியைக் கணக்கிடாதீர்கள். அந்த விலையில் பொருள் உண்மையில் விற்றதா என்பது உங்களுக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதம் முதல், விலைக் குறைப்பை அறிவிக்கும் கடை அதற்கு முந்தைய குறைந்தது 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. தள்ளுபடி விற்பனைக்கு முன் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு இறக்கும் பழக்கம் அந்த அளவுக்குப் பரவியிருந்தது. விதி இல்லாத இடத்தில் நீங்களே செய்துகொள்ளலாம்: வேண்டிய பொருளைக் கூடையில் போட்டுவைத்து, இரண்டு மூன்று வாரம் விலையைக் குறித்து வாருங்கள். கீழே ஓடும் 'இன்னும் பத்து நிமிடம் மட்டுமே' கடிகாரத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம். பக்கத்தை மூடித் திறந்தால் பல தளங்களில் அது மறுபடி பத்திலிருந்து தொடங்கும்.

அளவெடுப்பது: இங்கேதான் பெரும்பாலான ரிட்டர்ன் தொடங்குகிறது

உடைக்கு, உடம்பை அளப்பதைவிட உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் பழைய உடையை அளப்பது நல்லது. தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்றளவு. தோள் தையலிலிருந்து தோள் தையல், கழுத்தடியிலிருந்து கீழ்விளிம்பு, கை நீளம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு அட்டவணையில் ஒரு வித்தியாசத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: அதில் இருப்பது உடம்பின் அளவா, உடையின் அளவா? மார்பு 100 சென்டிமீட்டர் உள்ளவர் 'உடையின் அளவு 100' என்பதை வாங்கினால் மூச்சுவிடக்கூட இடம் இருக்காது. சாதாரணச் சட்டைக்கு 8 முதல் 12 சென்டிமீட்டராவது தளர்வு வேண்டும். எம், எல் என்ற எழுத்துகளை நம்ப வேண்டாம். ஒரு பிராண்டின் எம் இன்னொன்றின் எல்.

துணியின் தடிமனைப் படம் காட்டாது, ஜிஎஸ்எம் காட்டும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. டி-ஷர்ட்டில் 140 என்றால் மெல்லியது, 180-க்கு மேல் என்றால் கனமானது. எண் கொடுக்காத விற்பனையாளரிடம் கேள்விப் பகுதியில் கேளுங்கள். நிறத்தைப் பார்க்கும்போது போனில் கண்ணுக்கு இதமான மஞ்சள் ஒளி வசதி ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள்; அது எல்லா நிறத்தையும் மாற்றிக் காட்டும். வாங்கியவர்கள் போட்ட படங்களில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்ததாகத் தெரிவதை நம்பலாம். ஸ்டுடியோ படத்தை நம்பி நிறப் பொருத்தம் பார்க்க முடியாது.

காலணிக்குப் பாதத்தை மாலையில் அளக்க வேண்டும். பகல் முழுக்க நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். சுவரோரம் தாளை வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி முழு எடையையும் போட்டு நில்லுங்கள். மிக நீண்ட விரலின் நுனியில், பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போடச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து போட்டால் எடை இடம் மாறி அளவு தப்பும். இரண்டு பாதத்தையும் அளந்து, பெரியதை மில்லிமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய எண் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி சுமார் 6.67 மில்லிமீட்டர், பிரிட்டன், அமெரிக்க எண்களில் 8.47 மில்லிமீட்டர். இரண்டு படிகளும் ஒன்றோடொன்று பொருந்தவே முடியாது. அதனால் ஒன்றை மற்றதாக மாற்றும்போது ஒரு நிறுவனம் மேலே தள்ளி எழுதும், இன்னொன்று கீழே. எண்ணை விட்டுவிட்டு, பாத நீளம் இத்தனை மில்லிமீட்டருக்கு எந்த அளவு என்று அதே பிராண்டின் அட்டவணையில் தேடுங்கள். ஓடுவதற்கும் நாள் முழுக்க நிற்பதற்குமான ஷூவைக் கடையில் வாங்குவதே மேல். பாதத்தின் அகலமும் வளைவின் உயரமும் எந்த அட்டவணையிலும் சரியாகக் கிடைப்பதில்லை.

சோபா, அலமாரி, ஃபிரிட்ஜ் வாங்குகிறவர்கள் அது நிற்கும் இடத்தை அளக்கிறார்கள். அது வரும் வழியை அளப்பதில்லை. வாசலின் அகலத்தைக் கதவு திறந்த நிலையில், கதவின் தடிமனைக் கழித்து அளக்க வேண்டும். மாடிப்படித் திருப்பம், லிஃப்டின் உயரமும் ஆழமும், நடைபாதையின் குறுகிய இடம் எல்லாம் கணக்கில் வரும். பெட்டியோடு வரும்போது ஒவ்வொரு பக்கமும் சில சென்டிமீட்டர் கூடும். ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் பக்கங்களிலும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது அந்த மாடலின் கையேட்டில் இருக்கும்; வாங்கும் முன்பே அதை இறக்கிப் படிக்கலாம். வழியில் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்துத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். கம்ப்ரஸரில் இருந்த எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். அது இறங்கித் திரும்ப நேரம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து மின்பொருள் வரவழைத்தால் அடாப்டரில் '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால் 230 வோல்ட் வீட்டில் செருகிய கணத்தில் எரிந்துவிடக்கூடும்.

பொருள் பக்கத்தை எப்படிப் படிப்பது

முதலில் விற்பவர் யார் என்று பாருங்கள். பெரிய தளங்களில் தளத்தின் பெயர் வேறு, விற்பவர் பெயர் வேறு. பொருளை அனுப்புவது தளமாக இருந்தாலும் விற்பவர் மூன்றாம் நபராக இருக்கலாம். பில் அவர் பெயரில் வரும். சில பிராண்டுகள் அங்கீகரித்த விற்பனையாளரின் பில்லுக்கு மட்டுமே வாரண்டி தருகின்றன. பிராண்டின் சொந்தத் தளத்தில் அந்த விற்பனையாளர் பெயர் இருக்கிறதா என்று சரிபார்ப்பது இரண்டு நிமிட வேலை.

மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். ஒரே தோற்றமுள்ள இரண்டு டிவிகளில் கடைசி எழுத்து மாறினால் பேனலோ போர்ட்டுகளின் எண்ணிக்கையோ விற்கும் நாடோ மாறியிருக்கலாம். பெட்டியில் என்னென்ன இருக்கும் என்ற பட்டியலைப் படியுங்கள். படத்தில் இருக்கும் சார்ஜர் அதில் இல்லாமல் போவது சகஜம்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு, மூன்றையும் இரண்டையும் படியுங்கள். அவற்றில்தான் 'நன்றாக இருக்கிறது, ஆனால்' என்று எழுதியிருப்பார்கள். அந்த 'ஆனால்'தான் உங்களுக்கு வேண்டியது. புதிய தேதி முதலில் வரும்படி அடுக்குங்கள். ஓரிரு நாட்களில் கொத்தாக வந்த புகழுரைகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய விமர்சனங்கள் வேறொரு பொருளைப் பற்றிப் பேசுகின்றனவா என்றும் பாருங்கள். விற்பனையாளர் ஒரு பழைய பக்கத்தின் நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றிவிடுவதுண்டு. போன் கவர் பக்கத்தில் 'சத்தம் தெளிவாக இருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்தால் காரணம் இதுதான்.

ரிட்டர்ன் விதியில் 'மாற்றித் தரப்படும்' என்பதும் 'பணம் திருப்பித் தரப்படும்' என்பதும் ஒன்றல்ல. உள்ளாடை, காதுக்குள் செருகும் இயர்போன் போன்றவற்றை உறை பிரித்தபின் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தெரியாத தளம் என்றால் முகவரியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். 'டாட் காம்' போன்ற முடிவுக்கு உடனே முன்னால் இருக்கும் சொல்தான் தளத்தின் சொந்தப் பெயர். அதற்கும் முன்னால் எந்தப் பிரபல நிறுவனத்தின் பெயரையும் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். பூட்டுச் சின்னம், நீங்கள் அனுப்பும் தகவல் வழியில் திருடப்படாது என்பதை மட்டும் சொல்கிறது. அனுப்பிய இடம் நேர்மையானதா என்பதை அது சொல்லாது; மோசடித் தளமும் அதே பூட்டை வாங்கலாம்.

கடைக்குப் போனால்

கடையின் பெரிய பலம் பொருள் கண்முன்னால் இருப்பது. அந்தப் பலத்தை முழுதாகப் பயன்படுத்தாமல் பெட்டியை மட்டும் வாங்கி வருகிறோம். காட்சிக்கு வைத்த பொருளைப் பார்த்துப் பிடித்திருந்தால், உங்களுக்குத் தரப்போகும் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள வரிசை எண், பொருளின் மேல் உள்ள எண், பில்லில் எழுதும் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். போனில் *#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் வரும். அதைப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் இறுதியில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த தேதி: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆன்லைனில் இதைப் பார்த்து வாங்க வழி அரிது.

டிவியைக் கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பல கடைகளில் அது காட்சிக்கான அமைப்பில், வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். அமைப்பை வீட்டுக்கானதாகவோ சினிமா முறைக்கோ மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். துணியை வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடை விளக்கில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு துணிகள் வெயிலில் வேறு வேறாகத் தெரியலாம், ஏனெனில் அவற்றின் சாயங்கள் வெவ்வேறு. மெத்தையில் உட்கார்ந்து அமுக்கிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. நீங்கள் தூங்கும் நிலையிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் படுங்கள்; கூச்சப்பட வேண்டியதில்லை, பல வருடம் படுக்கப் போகிற மெத்தை.

பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்: பிடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்வீர்களா? கடையில் வாங்கினால் எளிதாகத் திருப்பலாம் என்று நினைக்கிறோம். சட்டம் பல இடங்களில் இதற்கு நேர்மாறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம். கடையில் நேரில் பார்த்து வாங்கியதற்கு அந்த உரிமை இல்லை; பழுது இருந்தால் மட்டுமே கேட்க முடியும். மற்றதெல்லாம் கடைக்காரர் மனசு வைத்தால்தான். சரி என்று சொன்னால் பில்லின் பின்புறம் எத்தனை நாளுக்குள் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அரை மணி நேரம் விளக்கம் சொன்ன ஒருவருடைய உழைப்பைச் சும்மா எடுத்துக்கொள்வது அது. ஆன்லைனின் கடைசித் தொகையை அவரிடம் காட்டி, டெலிவரியும் பொருத்துவதும் சேர்த்து எவ்வளவுக்கு முடியும் என்று நேராகக் கேளுங்கள். பல நேரம் இடைவெளி நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும். கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், பழுதானால் போய் நிற்க ஒரு முகம் இருக்கிறது என்பதற்கு அந்தத் தொகையைத் தாராளமாகக் கொடுக்கலாம். மிகப் பெரிய வித்தியாசம் என்றால் அவரே புரிந்துகொள்வார்.

பார்சல் வந்தவுடன்

டெலிவரி செய்பவர் நிற்கும்போதே பெட்டியைச் சுற்றிப் பாருங்கள். நசுங்கியோ டேப் இரண்டாவது முறை ஒட்டியது போலவோ இருந்தால் வாங்க மறுக்கலாம். வாங்குவதாக இருந்தால் கையெழுத்துப் போடும் இடத்தில் 'சேதமான நிலையில் பெறப்பட்டது' என்று எழுதுங்கள். திறந்து காட்டும் டெலிவரி கிடைத்தால் விலை உயர்ந்த பொருளுக்கு அதையே தேர்ந்தெடுங்கள்.

வீடியோ எடுப்பது என்றால் நடுவில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். முகவரிச் சீட்டு படிக்கும்படி தெரிய வேண்டும். பிறகு பெட்டியின் ஆறு பக்கமும், டேப்பும். அப்புறம் வெட்டிப் பிரிப்பது. கடைசியில் பொருளின் வரிசை எண். பிரித்த பிறகு தொடங்கிய வீடியோவோ வெட்டி ஒட்டியதோ செல்லாது என்று தள்ளிவிடுவார்கள். சமையலறைத் தராசு இருந்தால் பிரிக்கும் முன் பெட்டியை அதில் வைத்து, சீட்டில் அச்சிட்ட எடையோடு சேர்த்துக் காட்டுங்கள். காலிப் பெட்டிப் புகாரில் இதற்கு மேல் வலுவான சான்று இல்லை.

ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் பொருளை முழுமையாகச் சோதியுங்கள். நல்ல நாள் பார்த்துப் பிரிக்கலாம் என்று மூலையில் வைத்தால் ரிட்டர்ன் நாள் போய்விடும். மெமரி கார்டும் பென் டிரைவும் தனிக் கவனம் கேட்பவை. போலிகளில் உள்ளே இருப்பது 8 ஜிபியாக இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு 256 என்று பொய் சொல்லும்படி மென்பொருளை மாற்றியிருப்பார்கள். முதல் எட்டு ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்கு மேல் நகல் எடுக்கும்போதும் பிழைச் செய்தி வராது. படங்களின் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால் திறக்காது. முழுக் கொள்ளளவையும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வாங்கிய அன்றே ஓட்டிவிடுங்கள். படம் எடுத்து நிரப்பிய பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

பெட்டி, தெர்மாகோல், பிளாஸ்டிக் உறை, டேக் எதையும் ரிட்டர்ன் நாள் தாண்டும் வரை எறியாதீர்கள்.

சிக்கல் வந்தால்

புகாரை ஆர்டர் பக்கத்தின் உள்ளிருந்தே எழுத்தில் பதியுங்கள். போனில் பேசினால் பேசிய தேதியையும் புகார் எண்ணையும் அதே பக்கத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடவே வேண்டாம். மோசடிக்காரர்கள் அங்கே போலி எண்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். ரீஃபண்ட் தருவதற்கு ஓடிபி, கார்டின் பின்பக்க எண், திரையைப் பகிரும் செயலி, கியூஆர் ஸ்கேன் எதுவும் தேவையில்லை. கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். 'முகவரி தவறு, சிறு கட்டணம் செலுத்துங்கள்' என்று வரும் குறுஞ்செய்தி இணைப்பைத் தொடாமல், ஆர்டர் பக்கத்தில் நிலை என்ன என்று பாருங்கள்.

'டெலிவரி ஆகிவிட்டது' என்று காட்டி, பார்சல் வராமல் இருந்தால் அண்டை வீட்டிலும் காவலாளியிடமும் அன்றே விசாரித்துவிட்டு, டெலிவரிக்கான புகைப்படத்தையோ கையெழுத்தையோ கேளுங்கள். வேறு கதவின் படம் வந்தால் உங்கள் கதவைப் படமெடுத்துப் பக்கத்தில் இணைத்து அனுப்புங்கள்.

பணம் திரும்பும்போது தளத்தின் வாலட்டில் போடுவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், செலுத்திய வழியிலேயே கேளுங்கள். வாலட் பணம் அந்தத் தளத்தில் மட்டுமே செல்லும், காலாவதித் தேதியும் இருக்கலாம். விற்பவர் பதிலே தரவில்லை என்றால், கார்டில் செலுத்தியிருந்தால் கார்டு தந்த வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை மறுத்து விண்ணப்பியுங்கள். ஆர்டர் விவரம், பொருள் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், வீடியோ, புகார் எண், அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பாகக் கொடுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. விற்பவர் 'அடுத்த வாரம்' என்று தள்ளிக்கொண்டே போனால், அவருக்காகக் காத்திருக்காமல் வங்கியின் கடைசி நாள் எது என்று முதலில் கேட்டு, அதற்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.